பெட்டிக்கு வேலை கொடுத்த அத்தை

அத்தை கண்ணில் படும்படி எதையும் போட்டு வைக்க முடியாது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தால் அது வேறொன்றாக மாறியிருக்கும்.

மாமா ஒரு நாள் வார் அறுந்த ரப்பர் செருப்பை வாசல் இஸ்தோப்பில் கழற்றிப் போட்டுவிட்டுப் பீலித் தண்ணீரில் குளிக்கப் போனார். கண்டி டவுனுக்குப் போகும்போது தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் அறுந்த செருப்பைக் காணோம். ஆனால், எப்போதும் கிறீச்சிட்டுத் தொங்கும் அலுமாரிக் கதவு அன்று சத்தமில்லாமல் திறந்து மூடியது. அத்தை செருப்பை வெட்டிக் கதவுக்குக் கீலாக அடித்துவிட்டிருந்தார்.

"அது சும்மா கெடந்துச்சு. அதான் வீட்டுல ஒரு வேல குடுத்தேன்" என்றார்.

மாமா வெறுங்காலோடு நின்று மிஞ்சிய ஒற்றைச் செருப்பைப் பார்த்தார். "இதுக்கு என்னா வேல?"

"யோசிச்சிக்கிட்டு இருக்கேன்."

மாமாவும் சிரித்தார். பக்கத்துக் காம்பராவிலிருந்து எங்கள் அம்மாவும் சிரித்தார். கண்டிக்கு மேலே ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில், எங்கள் காம்பராவுக்கும் அத்தையின் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது. அதுவும் கூரை வரைக்கும் எட்டாத சுவர். அந்த வீட்டில் கடுகு வெடித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அத்தை எங்களுக்கு இரத்த உறவு இல்லை. என் அப்பா அவருடைய புருஷனை மச்சான் என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் அத்தை. அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. லயத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

"வீட்டுல ஒரு வேல குடுப்போம்" என்பதுதான் அவர் பேச்சு. பால் டின்னுக்கு, உடைந்த குடைக்கு, கிழிந்த படங்குச் சாக்குக்கு, எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒரு வேலை காத்திருந்தது. குடைத் துணி, அவர் மகள் செல்வியின் புத்தகப் பையாகி எந்த மழைக்கும் நனையாமல் பள்ளிக்கூடம் போய் வந்தது. குடைக் கம்பிகள் சுவரில் கொக்கியாகிக் கோப்பைகளைத் தாங்கின. கோதுமை மாச் சாக்கைத் துவைத்துத் துவைத்து, மாமாவுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தார். எத்தனை முறை வெளுத்தாலும் அந்தச் சாக்கில் அச்சடித்திருந்த கைகுலுக்கும் படம் முழுதாகப் போகவில்லை. அது சரியாக மாமாவின் முதுகில் வந்து உட்கார்ந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் எல்லோரும் பின்னால் வந்து நின்று அந்தக் கைக்குக் கை கொடுத்துவிட்டுப் போவார்கள். மாமா திரும்பாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்தச் சட்டையைத்தான் விரும்பி உடுத்துவார் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

சிக்கனம் என்று இதைச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். லயத்தில் எல்லோரும்தான் சிக்கனமாக இருந்தார்கள், வேறு வழி இல்லாமல். அத்தைக்கு அதில் ஒரு குதூகலம் இருந்தது. ஒரு மூடி கிடைத்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "நீ என்னாவா ஆகப் போற?" என்று அதனிடமே கேட்பார். வேலை கிடைத்ததும் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார். நாங்கள் பாராட்ட வேண்டும். பாராட்டாவிட்டால் சாயங்காலம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

அவருடைய பெரிய சாமான்கள் எல்லாம் தேயிலைப் பெட்டியில் செய்தவை. மாமாவுக்குப் பெக்டரியில் தேயிலை அடைக்கும் பக்கம் வேலை. மூலை வெடித்த பெட்டியையும் பலகை பிளந்த பெட்டியையும் ஆட்களுக்கு விறகுக்கென்று விட்டுவிடுவார்கள். மெல்லிய பலகை, ஓரமெல்லாம் தகரப் பட்டி, உள்ளே பளபளவென்று ஈயத்தாள், வெளியே மையில் தோட்டத்துப் பெயரும் நம்பரும். மற்ற வீடுகளில் அதை உடைத்து அடுப்பில் வைத்தார்கள். அத்தை ஒன்றின் மேல் ஒன்றை நிறுத்தி, நடுவில் தட்டு அடித்து, கதவு வைத்து அலுமாரி ஆக்கினார். இன்னொன்றை அறுத்துச் செல்வி படிக்க மேசை. இன்னொன்று கயிற்றில் தொங்கி இளைய மகன் சின்னவனுக்குத் தொட்டில். ஈயத்தாளைச் சுருக்கம் இல்லாமல் நீவி குப்பி லாம்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டினார். எங்கள் வீட்டில் ஒரு லாம்பு மினுங்கிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டில் அதே அளவு மண்ணெண்ணெயில் இரண்டு லாம்பின் வெளிச்சம் இருக்கும். நான் அந்த வெளிச்சத்துக்காகவே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் அத்தையைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஞாயிறு காலையில் அவர் வீட்டைத் திருப்பிப் போடுவார். இருப்பது ஒரே காம்பரா. அதற்குள் அலுமாரி கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகும். மேசை கதவோரத்துக்கு வரும். பழைய சேலையில் பின்னிய கால்மிதி இடம் மாறும். சாமிப் படத்தையும் அடுப்பையும் தவிர எதுவும் போன வாரம் இருந்த இடத்தில் இருக்காது. பிறகு முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் மாமாவையும் வாசலில் நிறுத்தி, எங்களைக் கூப்பிடுவார். நாங்களும் தலை சீவிக்கொண்டு போவோம். புது வீட்டுக்குப் பால் காய்ச்சப் போகிறோம் என்று அர்த்தம்.

"வாங்க, வாங்க! வழி தெரிஞ்சிச்சா?" என்பார் அத்தை.

"கொஞ்சம் சுத்தித்தான் வந்தோம்" என்பார் எங்கள் அம்மா, பக்கத்துக் கதவிலிருந்து வந்தவர். "பரவால்ல, நல்ல எடமா புடிச்சிருக்கீங்க. காத்தோட்டமா இருக்கு."

"முந்தின வீட்டுல காத்தே இல்லங்க. அதான் மாத்திட்டோம்."

பால் பொங்கி வழிய வேண்டும், அதுதான் முறை. ஆனால் வீட்டில் இருப்பது ஒரு கரண்டி பால்மா. அத்தை அதற்கும் வழி வைத்திருந்தார். கரைத்த பாலைப் பெரிய சட்டியில் ஊற்றினால் அடியோடு ஒட்டிவிடும் என்று, சிறிய டின்பால் டப்பாவில் விளிம்பு வரைக்கும் வருகிற மாதிரி ஊற்றிக் காய்ச்சுவார். டப்பாவுக்குக் கீழே ஒரு தட்டு. பொங்கும், வழியும், நாங்கள் எல்லோரும் கை தட்டுவோம். வழிந்தது தட்டில் விழும். அது சின்னவனுக்கு. ஒரு சொட்டு அடுப்பில் விழுந்து நான் பார்த்ததில்லை. மற்றவர்களுக்குச் சாயத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியும்.

இது விளையாட்டு என்றுதான் நான் வெகுநாள் நினைத்தேன். மாமா இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார் என்பதைச் சொன்னால் இது வெறும் விளையாட்டு இல்லை என்பது விளங்கும்.

அந்த நாட்களில் தோட்டத்து ஆட்கள் இரண்டு வகை. இந்தியாவுக்கு எழுதியவர்கள், இலங்கைக்கு எழுதியவர்கள். இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி, நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுங்கள் என்று, எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாத எங்களைக் கேட்டார்கள். என் அப்பா இலங்கைக்கு எழுதினார். நாட்டுப்பற்று ஒன்றுமில்லை, அவருக்குக் கடல் என்றால் பயம். மாமா இந்தியாவுக்குக் கைநாட்டு வைத்தார். அவர் வேலை செய்த பக்கத்தில் ஒருவர் எழுதினார், அவரைப் பார்த்து அவர் பங்காளி எழுதினார், பிறகு வரிசையாக எல்லோரும் எழுதினார்கள். தான் மட்டும் தனியாக மிஞ்சிவிடுவோமோ என்று மாமா பயந்துவிட்டார். அத்தையிடம் கேட்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் சொன்னார்.

அன்றைக்கு அந்த வீட்டில் கேட்ட பேச்சு எனக்கு நினைவிருக்கிறது. சுவர்தான் கூரைக்கு எட்டாதே.

"எல்லாரும் போறாங்க புள்ள."

"போகட்டும். எனக்கு அங்க யாரத் தெரியும்? எங்கம்மா பொறந்ததே இந்தா இருக்கிற கலஹாவுல."

"எழுதியாச்சு. இனி என்னா செய்ய?"

கொஞ்ச நேரத்தில் அத்தையின் சுத்தியல் சத்தம் கேட்டது.

பாஸ்போட்டு வந்தது. ஆனால் உடனே கிளம்பு என்று யாரும் சொல்லவில்லை. முறை வரும்போது சொல்வார்கள், அது வரைக்கும் வேலை செய் என்றார்கள். முறை வர வருஷக் கணக்கானது. இந்தியாவுக்கு எழுதிய வீடுகளை அந்தக் காலத்தில் பார்க்க வேண்டும். கூரை ஒழுகினால் சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மிளகாய்க் கன்று நட மாட்டார்கள். போகப் போகிறவர்களுக்கு எதற்கு? கப்பலில் சாமான் கொண்டு போகத் தேயிலைப் பெட்டி வேண்டும் என்று மட்டும் ஒன்றிரண்டை வாங்கி மூலையில் அடுக்கி வைத்தார்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அந்தப் பெட்டிகள் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அத்தை பெட்டியைப் பெட்டியாக வைக்க விடவில்லை. அம்மா ஒருமுறை கேட்டார், "ஏங்க, கப்பலுக்கு ஒண்ணு ரெண்டாச்சும் வச்சிக்க வேணாமா? எல்லாத்தயும் வெட்டிப்புட்டா?"

"பெட்டி பெட்டியா இருந்திச்சின்னா நம்மள கெளப்பிவிட்டுரும். அதுக்கு ஒரு வேல குடுத்துட்டா அது எங்கயும் போகாது, நம்மளயும் போக விடாது."

இதைச் சொல்லிவிட்டு அத்தை சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குக் கிடைத்த வெடித்த பெட்டியையும் அம்மா அத்தையிடம் கொடுத்துவிடுவார்.

நடுவில் ஒரு கெட்ட காலம் வந்தது. பாண் ரொட்டிக்கு விடியற்காலையில் வரிசையில் நிற்க வேண்டும். மா கிடைக்காது, அரிசி கிடைக்காது, தோட்டத்தில் வேலையும் பாதி நாள்தான். மரவள்ளிக் கிழங்கு கிடைத்தால் அது விருந்து. அப்போது அத்தை ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் கிழமைநாட்களிலும் வீட்டைத் திருப்ப ஆரம்பித்தார். பிள்ளைகள் பசி என்று சொன்னால், "வாங்க, வீடு மாறுவோம்" என்பார். சின்னவன் அலுமாரியைத் தள்ளும் வேகத்தில் பசியைக் கொஞ்சம் மறப்பான். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு சாயங்காலம் நான் போனபோது அத்தை வெறும் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்துக்கும் ஒரு வேல கண்டுபுடிச்சிருக்கேன் மகே. இதுக்கு மட்டும் ஒண்ணும் தோண மாட்டேங்குது" என்றார்.

அந்தக் காலமும் எப்படியோ கழிந்தது. மா வந்தது, அத்தையும் பழையபடி ஆனார். அலுமாரிக்கு இன்னொரு மாடி ஏறியது. அடுப்புக்குப் பக்கத்தில் சாமான் தட்டு, இஸ்தோப்பில் வருகிறவர்கள் உட்காரக் கதிரை, எல்லாம் பெட்டி. மாமா வாரம் தவறாமல் பெக்டரியிலிருந்து தலையில் ஒரு பெட்டியோடு வருவார். ரோட்டில் போகிறவர்கள், மேல் லயத்து ஆட்கள், ஒப்பீசு ஐயாமார், எல்லோரும் அதைப் பார்த்தார்கள். உள்ளே போன பெட்டி என்ன ஆனது என்று பார்த்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

வினை அங்கேதான் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இந்தியாவுக்குப் போகிறவர்களில் அந்தத் தடவை சில குடும்பங்களைக் கப்பலுக்கு அனுப்பி வைக்கச் சொல்லித் தோட்டத்துக்குத் தாக்கீது வந்தது. யாரை முதலில் அனுப்புவது என்பதைத் தோட்டத்திலேயே முடிவு செய்யலாம். பெரிய கணக்கப்பிள்ளை நல்ல மனிதர், அதை நான் சொல்லியே ஆக வேண்டும். யார் போக ஆசையாக இருக்கிறார்களோ அவர்களை முதலில் அனுப்புவோம் என்று நினைத்தார். யாருக்கு ஆசை அதிகம் என்று யோசித்தார். வாரா வாரம் பெட்டி சுமந்து போகிற ஆள் அவர் கண் முன்னால் வந்தார். பாவம், எத்தனை வருஷமாகச் சேர்க்கிறார்கள் என்று இரக்கப்பட்டு, அத்தை வீட்டுப் பெயரை முதலில் எழுதி அனுப்பிவிட்டார்.

ஒப்பீசிலிருந்து ஆள் வந்து சொன்னபோது அத்தை பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே இறங்கி ஒப்பீசுக்குப் போனார். நானும் செல்வியும் பின்னால் ஓடினோம். என்ன பேசினாரோ, அன்று பொழுது சாயும் முன்னால் கணக்கப்பிள்ளையைக் கையோடு லயத்துக்கு அழைத்து வந்துவிட்டார். கணக்கப்பிள்ளை லயத்துக் காம்பராவுக்குள் குனிந்து நுழைந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"பாருங்க ஐயா. எங்க இருக்கு பெட்டி? நீங்களே தேடிப் பாருங்க."

அவர் பார்த்தார். அலுமாரியைத் திறந்தார். செருப்புக் கீல் சத்தமில்லாமல் திறந்தது. உள்ளே துணி மடித்து வைத்திருந்தது, அதற்கும் கீழே பிள்ளைகளின் சிலேட்டு, சீப்பு, பவுடர் டின். பிறகு மேசையைத் தொட்டுப் பார்த்தார். தொட்டில் இருந்த கொக்கியில் இப்போது வெங்காயம் தொங்கியது. அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் தோட்டத்துப் பெயர் தலைகீழாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வெளியே வந்து, அந்தப் பெட்டிக் கதிரையிலேயே உட்கார்ந்தார்.

"நான் நல்லதுன்னு நெனச்சித்தாம்மா செஞ்சேன்."

"தெரியும் ஐயா. நான் போறதுக்கு வாங்கல. இருக்கிறதுக்கு வாங்கினேன்."

"பேரு கொழும்புக்குப் போயிருச்சி. இனி என் கையில இல்ல."

மாமா இஸ்தோப்புத் தூணோரம் கை கட்டி நின்றார். அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கணக்கப்பிள்ளை அவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் அத்தையிடம் சொன்னார், "எப்புடியும் ஒரு நாளைக்கிப் போகத்தான வேணும்?"

"அந்த ஒரு நாளத்தான் ஐயா நான் இத்தன வருசமா தள்ளிக்கிட்டு இருந்தேன்."

அத்தை உள்ளே போய் அவருக்குச் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவர் குடித்து முடித்து, கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் இரண்டு மூன்று முறை கண்டிக்குப் போய்ப் பேசிப் பார்த்தார் என்று கேள்விப்பட்டோம். அப்பா தொழிற்சங்கத்து ஆளைப் பிடித்தார். அம்மா கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டார். யாராலும் ஒன்றும் முடியவில்லை. யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கெட்டது செய்தவன் ஒருவன் இருந்தால் அவனைத் திட்டியாவது மனதை ஆற்றியிருக்கலாம்.

கப்பலில் சாமான் ஏற்றப் பெட்டி வேண்டும். ஏகப்பட்ட பெட்டி வைத்திருந்த வீட்டில் ஒரு பெட்டியும் இல்லை. அலுமாரியைப் பிரிக்க மாமா ஆணிபிடுங்கியை எடுத்தார். அவருக்கு வரவில்லை. ஒரு பலகையைப் பிளந்துவிட்டார்.

"கொண்டாங்க. அது நான் அடிச்ச ஆணி, ஒங்களுக்கு வராது" என்று அத்தை வாங்கிக்கொண்டார்.

அவரே பிரித்தார். ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, வளைந்ததை அம்மிக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, டப்பாவில் போட்டார். கதவைக் கழற்றியபோது செருப்புக் கீல் கையோடு வந்தது. மாமா அதை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை அவர் முதுகைப் பார்த்துவிட்டு அடுத்த ஆணிக்குக் குனிந்தார். அறுத்த பலகையைத் திருப்பி ஒட்ட முடியாது. அதனால் வேண்டிய பெட்டியில் பாதிதான் தேறியது. மீதிக்கு, மூலையில் பெட்டி அடுக்கி வைத்திருந்த மேல் லயத்து வீடுகள் தங்கள் பெட்டியைக் கொடுத்தன. அவர்கள் முறைக்கு இன்னும் நாள் இருந்தது.

கிளம்புவதற்கு முந்திய ஞாயிறு அத்தை எங்களைக் கூப்பிட்டார். போக மனமில்லாமல் போனோம். வீட்டில் ஒன்றும் இல்லை. சுவரோரம் பெட்டிகள், நடுவில் வெறும் தரை, லாம்புக்குப் பின்னால் இருந்த ஈயத்தாளை உரித்த இடத்தில் ஒரு வெளுத்த சதுரம். அத்தை முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்.

"வாங்க, வாங்க. வழி தெரிஞ்சிச்சா?"

அம்மாவுக்குப் பதிலாக அப்பாதான் "கொஞ்சம் சுத்தித்தான் வந்தோம்" என்றார்.

பால் டப்பா அடுப்பில் ஏறியது. பொங்கியது. நாங்கள் கை தட்டினோம். கீழே தட்டு இல்லை. தட்டெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது போலும், அல்லது அத்தை மறந்துவிட்டார். பால் வழிந்து நெருப்பில் விழுந்து தீய்ந்த வாடை வந்தது. சின்னவன் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கையை நீட்டவில்லை.

அந்த வாரம் கண்டி ஸ்டேஷனில் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போகும் கோச்சியில் ஏற்றிவிட்டோம். அழுகையைப் பற்றி எழுதுவதற்கு ஒன்றுமில்லை, எல்லோரும் அழுதார்கள். அறுத்த பலகையில் மிஞ்சியதில் உட்கார ஒரு மணைக்கட்டை அடித்து அத்தை அம்மாவிடம் கொடுத்திருந்தார். "இது திரும்பப் பெட்டியா ஆகாது, நீங்க வச்சிக்கங்க" என்று சொன்னாராம்.

பெட்டி கொடுத்த மேல் லயத்து வீடுகளின் முறை வரவே இல்லை. அதற்குள் வடக்கில் சண்டை வந்து கப்பல் நின்றது. போகாமல் மிஞ்சியவர்கள் அப்படியே இருந்தார்கள், கடைசியில் அவர்களுக்கும் இங்கேயே பிரஜாவுரிமை கொடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்காகப் பெட்டியை மூலையில் வைத்துக்கொண்டு ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தவர்கள் இன்று ஹந்தானையில் ஓட்டுப் போடுகிறார்கள். ஒரு நாளாவது போகலாம் என்று நினைக்காத அத்தை போய்விட்டார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கல்யாணமாகி கண்டி மஹய்யாவையில் குடியேறி, என் பிள்ளைகளும் வளர்ந்த பிறகு, ஒருமுறை இந்தியாவுக்குக் கோயில் பார்க்கப் போனேன். கோயிலை முடித்துக்கொண்டு, அத்தை குடும்பம் குடியேறியிருந்த நீலகிரிப் பக்கம் பஸ் ஏறினேன். செல்வி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து கூட்டிப் போனாள். அங்கேயும் தேயிலைதான், அங்கேயும் குளிர்தான். மாமா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கென்று அரசாங்கம் கட்டிக் கொடுத்த சின்ன வீடு. வாசலில் அத்தை நின்றார். மெலிந்திருந்தார். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வா மகே" என்றார். வழி தெரிந்ததா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை.

உள்ளே போனதும் என் கண் சுவரோரத்துக்குப் போனது. பெட்டிகள் இருந்தன. எங்கள் தோட்டத்துப் பெயரும் நம்பரும் மங்கிப்போய், தகரப் பட்டி துருப்பிடித்து, ஒன்றின் மேல் ஒன்றாக, கப்பலில் இருந்து இறக்கிய மாதிரியே இருந்தன. அத்தை எனக்குத் துவாய் எடுக்க மேல் பெட்டியின் மூடியைத் தூக்கினார், எடுத்தார், மூடினார்.

சாயத்தண்ணி ஊற்ற அவர் அடுப்படிக்குப் போனபோது செல்வி என்னிடம் மெல்லச் சொன்னாள், "நாங்க எவ்வளவோ சொல்லிட்டோம். ஒரு தட்டாச்சும் அடிப்போம்னா தொட விடாது. ஒண்ண நகத்தக்கூட விடாது. வந்த நாள்ல இருந்து இப்புடியேதான்."

அத்தை லயத்தைப் பற்றிக் கேட்டார். யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு வீடாகக் கேட்டார். கடைசியில் மேல் லயத்துக்கு வந்தார்.

"அவுங்களுக்கெல்லாம் அங்கயே குடுத்துட்டாங்களாமே?"

"ஆமா அத்த."

"நல்லா இருக்கட்டும்" என்றார். சாயத்தண்ணிக் கோப்பையை என்னிடம் நீட்டிக்கொண்டே, "வாரா வாரம் நான் மாமாகிட்ட பெட்டி கேக்காம இருந்திருக்கலாம்" என்றார்.

உங்கள் தப்பு ஒன்றுமில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு உதவாத பேச்சு என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து வெளியே வந்தேன். வாசலில் ஒரு பிஸ்கட் டின் மழையில் கிடந்தது. நல்ல டின், மூடிகூட இருந்தது, நசுங்கவில்லை. ஹந்தானையில் அப்படி ஒன்று கிடைத்திருந்தால் அத்தை அதைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு எங்களை எல்லாம் கூப்பிட்டிருப்பார். எனக்கு ஏதோ ஒரு நப்பாசை. அதை எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினேன்.

"அத்த, இதுக்கு வீட்டுல என்னா வேல குடுக்கலாம்?"

அவர் கை தானாக நீண்டது. டின்னை வாங்கினார். விரலால் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார், மூடியைத் திறந்தார், மூடினார். நான் காத்துக்கொண்டிருந்தேன். செல்வியும் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அத்தை அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"எடுத்த எடத்துலயே போட்டுரு மகே. இன்னொரு தடவ வீட்டப் பிரிக்க என்னால ஏலாது."

நான் வெளியே போய், டின்னை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.